ஆட்டக்காய்களும் முன்னறிவுச் சான்றும்: காப்புரிமை மேல்முறையீடுகளின் அளவுகோலில் வல், வட்டு, தாயம்

ஆய்வுச் சுருக்கம்

விளையாட்டுக் காய் ஒன்றுக்குக் காப்புரிமை கோரப்படும்போது, அது முன்னரே அறியப்பட்டதா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடையாக எத்தகைய சான்று ஏற்கப்படும், எத்தகைய சான்று ஏற்கப்படாது என்பதை அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் சிலவற்றையும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வளவுகோலைச் சங்க இலக்கியம், அகழாய்வு, கொங்கு நாட்டு விளையாட்டு வழக்கு ஆகிய மூவகைச் சான்றுகளுக்கும் பொருத்திப் பார்க்கிறது. இலக்கியம் காயின் பெயரையும், மண் அதன் உடலையும், வழக்கு அதன் விதியையும் காத்துவந்துள்ளன. இவை நாளிட்ட ஓர் ஆவணத்தில் ஒன்றுசேரும்போதுதான் முழுமையான முன்னறிவுச் சான்று பிறக்கிறது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: ஆட்டக்காய், முன்னறிவு, காப்புரிமை, வல், வட்டு, தாயம், ஆய்வேடு

1. முன்னுரை

தாயம், ஆடுபுலி, பல்லாங்குழி முதலியவற்றைப் பற்றிய கட்டுரைகள் பலவும், இவை சங்க காலத்திலேயே இருந்தவை என்னும் கூற்றோடு நிறைவுறுகின்றன. தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் அக்கூற்றுக்கு மறுப்பு எழுவதில்லை. அதே கூற்றை ஒரு காப்புரிமை அலுவலகத்தின் முன் வைத்தால், எந்த ஆட்டம், எந்தக் காய், எந்த நூலில், எந்த அளவுக்கு விளக்கப்பட்டுள்ளது, அந்நூல் எந்த நாளில் பொதுமக்கள் கைக்கு எட்டியது என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழும். இவ்வினாக்கள் சட்டத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு பாடலடி உண்மையில் எவ்வளவு சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அளந்து காட்டுவதால் இலக்கிய ஆய்வுக்கும் இவை பயன்படுவன. அம்முறையில் இக்கட்டுரை முதலில் சட்டத்தின் அளவுகோலை விளக்கி, பின்னர் அதனைத் தமிழ்ச் சான்றுகளுக்குப் பொருத்துகிறது.

2. முன்னறிவு என்பது யாது?

காப்புரிமை என்பது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அதனைச் செய்யவும் விற்கவும் குறிப்பிட்ட காலத்திற்கு அரசு வழங்கும் தனியுரிமை. கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். துறையறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் சோதிக்க, விண்ணப்ப நாளுக்கு முன் உலகம் அறிந்திருந்தவை தேடப்படுகின்றன. அவற்றின் தொகுதியையே இக்கட்டுரை ‘முன்னறிவு’ என்று குறிக்கிறது.

இவ்விரு சோதனைகளும் வேறுபட்டவை. புதுமையை மறுக்க வேண்டுமாயின், கோரப்பட்ட பொருளின் எல்லாக் கூறுகளும் முன்னைய ஒரே சான்றில் அமைந்திருத்தல் வேண்டும். அதனைப் படித்தவர் பொருளைச் செய்துவிடக்கூடிய அளவுக்கு விளக்கமும் இருத்தல் வேண்டும். எளிதில் தோன்றுவதே என்று காட்டுவதற்குப் பல சான்றுகளை இணைத்துப் பார்க்கலாம். ஆனால் அவற்றை இணைக்கத் துறையறிந்தவருக்குக் காரணம் இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். பாத்திரங்களைக் கடைசல் பொறியில் பிடிக்கும் முறை பற்றிய பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் 1978ஆம் ஆண்டு தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பட்டறையில் இயல்பாக நிகழும் சிறு மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறி அக்காப்புரிமையை ஏற்க மறுத்தது.

சான்று எங்கிருந்து வரவேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சள் விளையும் கொங்கு நாட்டில் எந்த வீட்டுப் பெண்ணும் அறிந்திருந்த செய்தி அது. எனினும் அன்றைய அமெரிக்கச் சட்டம், பிற நாடுகளில் நிலவிய வாய்மொழி அறிவையோ பயன்பாட்டையோ முன்னறிவாகக் கொள்ளவில்லை. அச்சில் வெளிவந்திருந்தால் மட்டுமே கொண்டது. ஆகவே இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய மருத்துவ நூற் பகுதிகளையும், இந்திய மருத்துவ இதழொன்றில் 1953இல் வெளிவந்த கட்டுரையையும் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோரின் கைப்பழக்கம் சாதிக்க முடியாததை, நாளிட்டு அச்சான சில பக்கங்கள் சாதித்தன. 2013 மார்ச் 16 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படியே உலகின் எப்பகுதியிலும் நிகழ்ந்த பொதுப் பயன்பாடு அமெரிக்காவில் முன்னறிவாகக் கொள்ளப்படுகிறது.

3. மேல்முறையீட்டில் ஆட்டக்காய்கள்

3.1 கனசதுரப் புதிர்

லாரி நிக்கோல்ஸ் என்னும் வேதியியலாளர், எட்டுச் சிறு கனசதுரங்கள் இணைந்து குழுக்குழுவாகச் சுழலும் புதிர் ஒன்றுக்கு 1972இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ரூபிக் கனசதுரம் உலகெங்கும் விற்பனையானபோது, அக்காப்புரிமையைக் கொண்டிருந்த மொலெக்யுலான் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ரூபிக் கனசதுரத்தை விற்ற ஐடியல் டாய் நிறுவனத்தை வாங்கியிருந்த சி.பி.எஸ். நிறுவனம் எதிர்த்தரப்பாயிற்று. மேல்முறையீட்டில் 1986இல் தீர்ப்பு வந்தது.

நிக்கோல்ஸின் காப்புரிமை செல்லாது என்பதற்கு எதிர்த்தரப்பு கூறியவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. முதலாவது, கஸ்டாஃப்சன் என்பவர் 1963இல் காப்புரிமை பெற்றிருந்த கோளவடிவ விளையாட்டுப் பொருள். அதிலும் பகுக்கப்பட்ட துண்டுகள் குழுவாகச் சுழலும். இதனை அறிந்தவருக்குக் கனசதுரம் எளிதில் தோன்றியிருக்கும் என்பது வாதம். இரண்டாவது, ஹார்வர்டில் பயின்ற காலத்திலேயே நிக்கோல்ஸ் காகிதத்தால் செய்த மாதிரியைத் தோழர்களுக்குக் காட்டியிருந்தார் என்பது. எனவே அது முன்னரே பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்றனர். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. கோளத்திலிருந்து கனசதுரத்துக்குச் செல்லும் வழி எளிதில் தோன்றுவதன்று என்றும், தோழர் சிலருக்குக் காட்டியபோதும் பொருள் அவர் கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்றும் கொண்டது. காப்புரிமை செல்லும் என முடிவாயிற்று. இரண்டடுக்குக் கனசதுரம் அதனை மீறியது என்பது உறுதியாயிற்று. மூன்றடுக்குக் கனசதுரம் பற்றிய கீழ்நீதிமன்ற முடிவு நிலைக்கவில்லை.

இத்தீர்ப்பிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முன்னைய பொருள் புதிய பொருளை ஒத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்தக் கூறில் ஒத்திருக்கிறது என்று காட்ட வேண்டும். சிலர் அறிந்திருந்தனர் என்பதும் போதாது. பொதுவாக அறிய முடிந்ததா என்று காட்ட வேண்டும்.

3.2 குறியிட்ட பகடை

மார்கோ குல்டெனார் ஹோல்டிங் என்னும் நிறுவனத்தின் விண்ணப்பம் பகடையாட்டம் ஒன்றைப் பற்றியது. மூன்று பகடைகள், முதலாவதன் ஒரு முகத்தில் மட்டும், இரண்டாவதன் இரு முகங்களில் மட்டும், மூன்றாவதன் மூன்று முகங்களில் மட்டும் குறியிடப்பட்டிருக்கும். பந்தயம் வைத்தல், உருட்டுதல், பரிசளித்தல் ஆகியவை ஆட்டமுறை. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை மறுக்கப்பட்டதை உறுதிசெய்தது. ஆட்டவிதி என்பது கருத்துநிலைப்பட்டது. அதற்குத் தனியுரிமை இல்லை. பகடையின் குறிகளோ ஆடுபவருக்குச் செய்தி சொல்வன. அவை பகடை என்னும் பொருளின் இயக்கத்தை மாற்றுவதில்லை. இவ்வாறு செய்தியை மட்டும் தாங்கும் குறிகளை அமெரிக்கச் சட்டம் ‘அச்சிட்ட பொருள்’ என்று வகைப்படுத்தி, கண்டுபிடிப்பை மதிப்பிடுகையில் அவற்றுக்கு எடை தருவதில்லை.

நம் தாயக்கட்டை இதனை எளிதில் விளக்கும். நீண்ட நாற்புறக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். நான்காம் முகம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. வெறுமைக்குப் பன்னிரண்டு என்னும் மதிப்பு பித்தளையில் இல்லை. ஆடுபவரின் மனத்தில் உள்ளது. புள்ளிகளுக்கு மாற்றாக வேறு குறிகளைப் பொறித்து ஒருவர் புதுக் கட்டை என்று கூறினால், சட்டத்தின் பார்வையில் அது பழைய கட்டையே. காயின் உடலும் காயின் பொருளும் இங்கு இருவேறாகப் பிரிக்கப்படுகின்றன. தமிழ்ச் சான்றுகளை ஆராய்கையில் இப்பிரிப்பு மிகவும் பயன்படும்.

4. இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, அதன் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், விளையாட்டை ஆடும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்று பிரிவு 3(எம்) வழியாகக் கூறுகிறது. மரபறிவாக அமைந்ததற்கும் காப்புரிமை இல்லை என்கிறது பிரிவு 3(பி). இவற்றினும் நமக்கு முதன்மையானவை பிரிவுகள் 25(1)(கே), 64(1)(கியூ) ஆகியவை. இந்தியாவிலோ பிற இடங்களிலோ உள்ளூர்ச் சமூகம் அல்லது தொல்குடிச் சமூகத்தில் வாய்மொழியாகவோ வேறுவகையிலோ நிலவும் அறிவில் ஒரு கண்டுபிடிப்பு முன்னரே அமைந்திருந்தால், அதனைக் காட்டிக் காப்புரிமை வழங்குவதை எதிர்க்கலாம். வழங்கப்பட்டதை நீக்கவும் கோரலாம். மஞ்சள் வழக்கில் அமெரிக்கச் சட்டம் அடைத்து வைத்திருந்த கதவை இந்தியச் சட்டம் திறந்தே வைத்துள்ளது.

இத்தகைய மேல்முறையீடுகளை முன்னர்ச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் விசாரித்தது. 2021இல் வாரியம் நீக்கப்பட்டபின் அப்பொறுப்பு உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

ஆட்டமுறைக்குக் காப்புரிமை இல்லை என்பதால் மரபு விளையாட்டுகள் முற்றும் காப்புடையன என்று கருதிவிட இயலாது. காயின் அல்லது பலகையின் அமைப்புக்குக் காப்புரிமை கோரலாம், தோற்றத்தை வடிவமைப்புச் சட்டம் 2000இன்கீழ்ப் பதிவு செய்யலாம், பெயரை வணிகக்குறியாக்கலாம். இந்தியாவின் பச்சிசி ஆட்டத்தைத் தழுவிய பலகையாட்டத்திற்கு அமெரிக்காவில் 1874இலேயே ‘பார்ச்சீசி’ என்னும் பெயர் வணிகக்குறியாகப் பதிவாயிற்று. எனவே காயின் உடல், பெயர், தோற்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன்னறிவுச் சான்று தேவைப்படுகிறது.

5. இலக்கியச் சான்றுகள்

5.1 வல்லும் நாயும்

‘வல்’ என்னும் பலகையாட்டத்திற்குரிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஓர் இலக்கண விதியில் உள்ளது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியல், ‘வல்’ என்னும் சொல்லோடு ‘நாய்’, ‘பலகை’ ஆகிய சொற்கள் புணரும்போது உகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என்கிறது. வல்லநாய், வல்லப்பலகை என்பன எடுத்துக்காட்டுகள். புணர்ச்சியில் தனிவிதி வகுக்கும் அளவுக்கு இவ்விரு தொடர்களும் வழக்கில் இருந்தன என்பது தெளிவு. இங்கு நாய் என்பது விலங்கன்று; ஆட்டக்காய்.

காய்க்கு நாயின் பெயரிடுதல் தமிழில் மட்டும் காணப்படுவதன்று. கிரேக்கத்தின் ‘போலிஸ்’ என்னும் ஆட்டத்தில் காய்களுக்கு நாய் என்று பெயர் வழங்கியதை கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பொல்லக்ஸ் குறித்துள்ளார். எகிப்தின் தீப்ஸில் ஹோவர்டு கார்ட்டர் கண்டெடுத்த ஆட்டப்பெட்டியின் முளைக்காய்கள் நாய்த்தலையும் குள்ளநரித்தலையும் உடையன. இவ்வொற்றுமையைக் கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றனர் என்று முடிவு கட்ட இயலாது. கோளமும் கனசதுரமும் ஒத்திருந்தும் ஒன்றாகாமை போன்றதே இது. மேலும் எகிப்தியக் காயில் நாய் உடலாகவே அமைந்துள்ளது. தமிழில் அது பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. வல்லநாய் நாய்வடிவில் இருந்ததா, வெறுங்கல்லாக இருந்ததா என்பதனைத் தொல்காப்பிய விதி உணர்த்தவில்லை.

புறநானூற்றின் 52ஆம் பாடல் மேலும் ஒருபடி செல்கிறது. மருதன் இளநாகனார், பாண்டியன் கூடாகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடியது இது. அவன் பகைவர் நாட்டில் வழிபாடு நின்று பாழ்பட்ட பொதியில் ஒன்று காட்டப்படுகிறது. முன்பு நரைத்த முதியோர் அங்கமர்ந்து வல்லாடினர். அவர்கள் நாயை வைத்து வைத்து, வல்லின் அறைகள் குழிந்துபோயின. இப்போது அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. பாடலின் நோக்கம் அழிவைக் காட்டுதல். எனினும் ஆட்டப்பொருள் பற்றிய நான்கு செய்திகள் அதில் உள்ளன: ஆடுகளம் அறைகளாகப் பகுக்கப்பட்டது, காய் இடப்படுவது, பலகாலம் ஆடியதால் அறை குழிந்தது, குழிவு உருண்டையான ஒன்றை உருளாமல் தாங்கும் அளவினது.

இதனைச் சட்டத்தின் முறைப்படி சோதித்துப் பார்க்கலாம். காய்கள் நகராதபடி அறைகளைக் குழிவாக அமைத்த ஆட்டப்பலகைக்கு இன்று ஒருவர் காப்புரிமை கோருவதாகக் கொள்வோம். புறநானூறு 52 அதன் புதுமையை முற்றும் மறுக்குமா? பாடலில் குழிவு தேய்மானத்தால் நேர்ந்தது. காயை நிறுத்துவதற்காக வகுக்கப்பட்டதன்று. முட்டை தங்கும் அளவுக்குக் குழிந்தது என்பதில் புலவரின் மிகைக்கும் இடமுண்டு. ஆகவே ஒரே சான்றாக நின்று புதுமையை வீழ்த்தும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் குழிந்த அறையில் உருண்டைப் பொருள் தங்கும் என்னும் காட்சி அதில் வெளிப்படையாக உள்ளது. பல்லாங்குழியின் குழிகளையும் உடன்வைத்து நோக்கினால், அத்தகைய பலகை எளிதில் தோன்றக்கூடியதே என்னும் வாதத்திற்கு அப்பாடல் வலுவான துணையாகும். புறநானூறு 1894இல் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியது, எனவே நாளும் ஐயத்திற்கு இடமின்றிக் கிடைக்கிறது.

ஏனைய பாடல்கள் ஒவ்வொரு கூற்றைச் சேர்க்கின்றன. கலித்தொகை 94 குறளன் ஒருவனின் தோற்றத்திற்கு, எடுத்து நிறுத்திய வல்லுப்பலகையை உவமையாக்குகிறது. தரையிற் கீறிய கோடுகளாக மட்டுமன்றிப் பெயர்த்தெடுத்து நிறுத்தக்கூடிய தனிப்பலகையாகவும் அது இருந்தமை இதனால் புலனாகிறது. அகநானூறு 377, நடுங்கும் தலையைத் தாழ்த்திய முதியோர் கவைபட்ட மனத்தோடு வல்லாடுவதைக் கூறுகிறது. இரண்டாகப் பிரிந்து எண்ணும் மனம் என்பது, ஆடுபவர்க்குத் தேர்வு இருந்ததைக் காட்டும் அரிய குறிப்பு. இவற்றையெல்லாம் ஒருங்கே கொண்டாலும் காய்கள் எத்தனை, அறைகள் எத்தனை, காய் எவ்வாறு நகரும், எவ்வாறு வெட்டப்படும் என்பவை தெரியவில்லை. பாடல்களைப் படித்து ஒருவர் வல்லை மீண்டும் ஆட இயலாது.

5.2 வட்டும் அரங்கும்

வட்டு பற்றிய சான்று சற்று வேறுபட்டது. நற்றிணை 3இல் இளங்கீரனார், சுரத்திடையே வேம்பின் நிழலில் சிறுவர் விளையாடுவதைக் காட்டுகிறார். பொன் உரைக்கும் கட்டளைக்கல் போன்ற அரங்கை அவர்கள் தரையில் இழைக்கின்றனர். நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். காயின் பொருள், அரங்கின் தோற்றம், ஆடும் இடம், ஆடுவோர் ஆகிய அனைத்தும் இங்குக் கூறப்பட்டுள்ளன. திருக்குறள் 401, நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுதலை அரங்கின்றி வட்டாடுதலுக்கு ஒப்பிடுகிறது. அரங்கு இழைத்தல் அவ்வாட்டத்தின் இன்றியமையாக் கூறு என்பதைக் கேட்போர் அனைவரும் அறிந்திருந்தாலன்றி அவ்வுவமை பொருள் தராது. புறநானூறு 43இன் பின்குறிப்பு, சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தான் தாமப்பல் கண்ணனாரோடு வட்டாடியபோது சினந்து வட்டை எடுத்து அவர்மேல் எறிந்ததைக் கூறுகிறது. சிறுவர் கையில் நெல்லிக்காயாக இருந்தது, அரசிளங்குமரன் கையில் எறிந்தால் நோகும் கருவியாக உள்ளது. வட்டு என்னும் பெயர் ஒரே உடலைக் குறித்ததன்று என்பதற்கு இவ்விரு சான்றுகளின் வேறுபாடே போதுமானது.

6. மண்ணில் கிடைத்த காய்கள்

பாடல்கள் தாராத உடலை மண் தருகிறது. கீழடி அகழாய்வில் சுட்டமண் ஆட்டக்காய்களும் பகடையும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை இவற்றைப் படங்களுடன் பதிவு செய்துள்ளது. அளவு, பொருள், மண்ணடுக்கு ஆகியவை குறிக்கப்படுவதால் தொல்லியல் அறிக்கை சட்டத்தின் கண்ணில் உயர்ந்த சான்று. அறிக்கை வெளியான நாளும் உறுதியானது.

ஆயினும் இங்கும் ஒரு குறை உண்டு. பானையோட்டை உடைத்துத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லு, சிறுமியர் கட்டங்களில் எறிந்து தாண்டியாடும் சில்லாக இருக்கலாம். பலகையாட்டக் காயாகவும் இருக்கலாம். எண்ணுதற்குரிய கருவியாகவும் இருக்கலாம். விதி மண்ணில் புதைவதில்லை. கீழடியின் காய்தான் வல்லநாய் என்று கூற ஆசை எழுவது இயல்பு. பெயரையும் உடலையும் இணைக்கும் கண்ணி இதுவரை நம்மிடம் இல்லாமையால், அவ்விணைப்பை முடிவாகக் கூறாமல் கருதுகோளாக வைப்பதே ஆய்வுநெறி.

7. வழக்கில் உள்ள ஆட்டங்கள்

விதியை முழுமையாகக் காத்துவருவது வழக்கு. மதுக்கரை வட்டாரத்தில் இக்கட்டுரையாளர் கண்ட அளவில், தாயக்கட்டம் சுண்ணக்கட்டியாலோ கரித்துண்டாலோ திண்ணையில் வரையப்படுகிறது. கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெண்மையாக்கிப் பகடையாகக் கொள்கின்றனர். ஒருவர் காய் வளையல் துண்டு; மற்றொருவர் காய் கூழாங்கல். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மலையில் இருக்கும் காயை வெட்ட இயலாது. வெட்டு இல்லாமல் பழம் இல்லை. விதி இவ்வளவு இறுக்கமானது; காயின் உடலோ எதுவாகவும் இருக்கலாம்.

ஆடுபுலியிலும் இதே நிலை. இருபத்துமூன்று புள்ளிகள், மூன்று புலி, பதினைந்து ஆடு என்பவை மாறாதவை. புலிக்குப் பெரிய கல், ஆட்டுக்குச் சிறிய கல் என்னும் வேறுபாடே காய்களின் இலக்கணம். குல்டெனார் தீர்ப்பு பிரித்துக் காட்டிய உடலும் பொருளும் இங்கு இயல்பாகவே பிரிந்து நிற்கின்றன. கல்லைப் புலியாக்குவது ஆடுபவரின் உடன்பாடு. கொங்கு நாட்டு முதியோரிடம் விதியைக் கேட்டால் பெரும்பாலும் அவர்கள் சொல்லி விளக்குவதில்லை. கல்லைப் பொறுக்கிவந்து ஆடிக் காட்டுகின்றனர். இவ்வறிவு சொல்லில் தங்காமல் கையில் தங்கியிருப்பதே இதற்குக் காரணம்.

வழக்குச் சான்றின் குறை நாள். இந்தியச் சட்டம் வாய்மொழி அறிவை ஏற்கிறது. ஆயினும் அவ்வறிவு விண்ணப்ப நாளுக்கு முன் இருந்தது என்று காட்டும் கடமை எதிர்ப்பவருக்கே உரியது. ஆடியவர் மறைந்தபின் யார் சான்றுரைப்பார்? ஆப்பிரிக்க, ஆசியக் குழியாட்டங்களின் மரபில் வந்த ‘கலா’ என்னும் ஆட்டப்பலகை 1950களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று விற்பனைக்கு வந்தது. பதினான்கு குழிகளில் புளியங்கொட்டை இட்டு ஆடிய நம் பெண்களின் பல்லாங்குழி அறிவு, அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, அச்சேறாதவரை அங்கு முன்னறிவு ஆகியிராது. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கியதன் பயன் இவ்விடத்தில் நன்கு விளங்கும். ஆட்டத்தின் பெயரோடு நில்லாமல் ஆடும் முறையையும் அச்சில் ஏற்றியது அம்முயற்சி.

8. ஆய்வேடு முன்னறிவாகுமா?

பாவாணருக்குப் பின் இப்பணியைப் பெரிதும் செய்தவை தமிழ்த்துறை ஆய்வேடுகள். நாட்டுப்புற விளையாட்டுகளை ஊர்வாரியாகத் திரட்டும் ஆய்வியல் நிறைஞர் ஆய்வேடுகள் பல பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டுள்ளன. அவை சட்டத்தின் முன் வெளியீடு ஆகுமா என்பதற்கு இரு அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் வழிகாட்டுகின்றன. இவை விளையாட்டு பற்றிய வழக்குகள் அல்ல.

ஹால் வழக்கில் (1986) ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஒரு முனைவர்பட்ட ஆய்வேடு முன்னறிவாக ஏற்கப்பட்டது. ஒரே ஒரு படி எனினும் அது நூற்பட்டியலில் இடம்பெற்று, தேடுவோர் எடுத்துப் படிக்கும் நிலையில் இருந்தது என்பதே காரணம். குரோனின் வழக்கில் (1989) ரீடு கல்லூரி மாணவர்களின் இளநிலை ஆய்வேடுகள் ஏற்கப்படவில்லை. அவற்றுக்கும் அட்டைகள் இருந்தன. ஆனால் மாணவர் பெயர்வரிசையில் மட்டும் அடுக்கப்பட்டிருந்தன. பொருளைத் தேடுபவர் மாணவரின் பெயரை எவ்வாறு அறிவார்? பொருள்வழித் தேட இயலாத ஏடு, பொதுமக்களுக்கு எட்டாத ஏடே என்றது நீதிமன்றம்.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் துறை நூலகங்களை நேரடியாகச் சுடுகிறது. ஆய்வாளர் பெயரும் ஆண்டும் மட்டும் குறித்த பதிவேட்டோடு அலமாரியில் இருக்கும் ஆய்வேடு, ஃப்ரைபர்க் ஏட்டின் நிலையில் இல்லை. ரீடு கல்லூரி ஏட்டின் நிலையிலேயே உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நிறுத்திவிட்டன. இனி அவ்வரிசையில் புதிய ஏடுகள் சேரப்போவதில்லை. முனைவர்பட்ட ஏடுகளுக்குச் ‘சோத்கங்கா’ என்னும் மின்தொகுப்பு உள்ளது. நிறைஞர் ஏடுகளுக்கு அத்தகைய பரந்த ஏற்பாடு இல்லை. மரபறிவு மின்னூலகம் 2001 முதல் உருவானது. சித்தம் உள்ளிட்ட மருத்துவ முறைகளையும் யோகத்தையுமே மையமாகக் கொண்டது. விளையாட்டுகளுக்கு அதுபோன்ற காப்பு வேண்டுமாயின், அதற்கான முதற்பொருள் தமிழ்த்துறைகளின் அலமாரிகளிலேயே உள்ளது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

ஆட்டக்காய்கள் பற்றிய மேல்முறையீடுகள் முன்னறிவுச் சான்றைக் கூறுகூறாக அளக்கின்றன. ஒப்புமை மட்டும் போதாது. உடல், விதி, நாள், எட்டும் தன்மை ஆகிய நான்கும் காட்டப்படல் வேண்டும்.

சங்கப் பாடல்கள் காய்களின் இருப்புக்கு உறுதியான சான்றுகள். ஆயினும் அவை தரும் விளக்கம் பாடலுக்குப் பாடல் வேறுபடுகிறது. தொல்காப்பியம் பெயரைத் தருகிறது. புறநானூறு 52 குழிந்த அறையையும் தருகிறது. நற்றிணை 3 காயையும் அரங்கையும் தருகிறது. ஆட்டம் முழுவதையும் தருவது எதுவுமில்லை. எல்லாம் சங்க இலக்கியத்தில் உள்ளது என்னும் பொதுக்கூற்றைக் காட்டிலும், எப்பாடலில் எவ்வளவு உள்ளது என்னும் சிறுகூற்று வழக்காடு மன்றத்திலும் ஆய்வு மன்றத்திலும் வலிமை மிக்கது.

களப்பதிவு செய்வோர் ஆட்டத்தின் பெயரோடும் பொதுவிளக்கத்தோடும் நிறைவடையாது, காயின் பொருள், அளவு, அளவுகோலுடன் கூடிய படம், கட்டத்தின் வரைபடம், விதிகளின் வரிசை, ஊர், பதிந்த நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். முன்னரே எழுதப்பட்ட ஆய்வேடுகளை ஆட்டப்பெயர், காய், ஊர் என்னும் பொருள்வழித் தலைப்புகளில் பட்டியலிட்டு வெளியிடுதல் உடனடியாகச் செய்யத்தக்கது. இதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. ஒரு துறையின் ஆய்வாளர்கள் ஓராண்டில் தொடங்கி நடத்தக்கூடிய பணியே இது.

புறநானூற்று முதியோர் நாயிட்டுக் குழித்த அறைகள் பாடலால் நமக்குக் கிடைத்தன. அவர்கள் ஆடிய முறை கிடைக்கவில்லை. இன்று திண்ணையில் தாயக்கட்டம் வரைபவர்களின் விதிகளுக்கும் அந்நிலை நேராமல் காத்தல், அவற்றைக் கண்டும் கேட்டும் எழுதக்கூடிய தலைமுறையின் கடமை.